நள்ளிரவு அனலுக்குக் கிடைத்த தீர்வு
மாதவிடாய் நின்ற பிறகு, அம்பாசமுத்திரத்து மார்கழிக் குளிரிலும் நள்ளிரவில் நெஞ்சிலிருந்து நெற்றிவரை அனல் ஏறும், ரவிக்கை நனைந்துவிடும். "உடம்புச் சூடுதான், இளநீர் குடி" என்றார் மதினி. குடித்தேன், கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் பெண்கள் நல மருத்துவர் ரத்த அழுத்தம், மார்பகம் எல்லாம் பரிசோதித்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த ஜெல் எழுதிக்கொடுத்தார். குளித்தபின் மேல்கையில் மெல்லியதாகத் தடவி, காய்ந்த பிறகே ரவிக்கை போடுவேன். தோல்வழி செல்வதால், மாத்திரையைவிட ரத்தம் உறையும் அபாயம் குறைவு. கருப்பை இருப்பவர்கள் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் எடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயில் முடியலாம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

சில வாரங்களில் நல்ல தூக்கம் வந்தது.

ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களும் மனம் தளர வேண்டாம். மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு நரம்புகளில் வேலை செய்யும் ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை அவசியம்.