வெளிநாட்டு எண்ணெய் வயலில் கூட்டாகப் பங்கு வாங்குவது எப்படி

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை மூட்டையைத் தராசில் ஏற்றுமுன் ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று பேசிக்கொள்வோம் இல்லையா, எண்ணெய் வயலிலும் கணக்கைப் பேசுவதுதான் முதல் வேலை. 2005இல், இந்திய அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுப் பிரிவான ஓஎன்ஜிசி விதேஷ், உருக்குத் தொழிலில் பேர்பெற்ற மிட்டல் குழுமத்தோடு கூட்டு நிறுவனம் தொடங்கியது. உங்கள் கூட்டாளியும் வேறு தொழில்காரர் என்றால், ஏலம் கேட்குமுன்பே பங்குதாரர் ஒப்பந்தத்தை எழுதி முடியுங்கள். துரப்பணத்துக்கு, அதாவது கிணறு துளைக்கும் வேலைக்கு, கூடுதல் பணம் கேட்கும்போது ஒருவர் கட்டாவிட்டால் அவர் பங்கு எவ்வளவு குறையும் என்ற பத்தியை நான் இரண்டு முறை உரக்கப் படிப்பேன், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும். அப்புறம், வயலில் ஏற்கெனவே இருக்கும் கூட்டாளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டா, அந்நாட்டு அரசின் ஒப்புதல் வேண்டுமா என்று பாருங்கள். நிலத்தடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை, வயலை விற்பவர் சொன்னபடி நம்பாமல் வெளி நிபுணரை வைத்து மதிப்பிடுங்கள். கிணறுகளை மூடும் செலவு யார் தலையில் என்பதையும் விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.