கரீபியன் கப்பல் பயணம்: கிழக்கா, மேற்கா, தெற்கா?

சென்னையிலிருந்து கரீபியன் கடலுக்குப் போகிறவர்களில் பலர் அதற்கென்றே வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் அல்லர். அமெரிக்காவில் மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கப் போன பெற்றோர், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு குரூஸும் போய்விட்டு வாருங்கள்" என்று பிள்ளைகள் வற்புறுத்த, ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குச் சம்மதிக்கிறார்கள். அதன்பின் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் கப்பலைச் சுற்றியே இருக்கும்: எத்தனை தளங்கள், எத்தனை நீச்சல் குளங்கள், பால்கனி அறையா, உள்ளறையா என்பது வரை அலசுவார்கள். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறக்கிவிட்டு எத்தனை மணிக்குத் திரும்ப அழைக்கிறார்கள் என்பதைக் கேட்பவர் அரிது. பயண நிரலை முதலில் வாசித்து, கப்பலை அதன்பின் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து.

நிறுவனங்கள் இந்தப் பயணங்களை மூன்று திசைகளாகப் பிரித்து விற்கின்றன. புளோரிடாவிலிருந்து தென்கிழக்காகச் சென்று புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், அமெரிக்க விர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸ், ஒரு பாதி டச்சுக்காரர்களிடமும் மறுபாதி பிரெஞ்சுக்காரர்களிடமும் உள்ள செயின்ட் மார்ட்டின் ஆகியவற்றைத் தொட்டுத் திரும்புவது கிழக்குப் பாதை. மெக்சிகோவின் கோசுமெல், கோஸ்டா மாயா, ஹோண்டுராஸின் ரோவாட்டான், பெலீஸ், கேமன் தீவு, ஜமைக்கா ஆகியவற்றில் மூன்றையோ நான்கையோ கோத்துத் தருவது மேற்குப் பாதை. அரூபா, குராசாவ், பொனேர் என்னும் டச்சுத் தீவுகளும், பார்படாஸ், செயின்ட் லூசியா, கிரெனடா, மார்த்தினீக் போன்றவையும் தெற்குப் பாதையில் வருகின்றன. பஹாமாஸுக்கு மட்டும் மூன்று நான்கு இரவு சென்று வரும் குறும்பயணங்களும் உண்டு. அவற்றில் பஹாமாஸின் தலைநகர் நசாவையும் நிறுவனத்தின் சொந்தத் தீவையும் தவிர வேறு ஊர் பெரும்பாலும் இராது என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

புறப்படும் துறைமுகமே பாதியை முடிவு செய்துவிடும்

பிள்ளை ஹூஸ்டனில் இருந்தால் கால்வெஸ்டன் துறைமுகம் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவுதான். ஆனால் அங்கிருந்து ஏழு இரவுப் பயணம் என்றால் அது பெரும்பாலும் மேற்குப் பாதையாகவே இருக்கும், ஏனெனில் மெக்சிகோ வளைகுடாவைக் கடப்பதற்கே போக ஒரு நாளுக்கு மேலும் வர ஒரு நாளுக்கு மேலும் ஆகிவிடும். நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் பக்கத்திலுள்ள பேயோன் துறைமுகத்தில் ஏறலாம். ஆயினும் குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலின் குளிரையும் அலையையும் தாண்டி வெதுவெதுப்பான நீரை எட்டுவதற்குள் வாரத்தின் கணிசமான பகுதி கழிந்துவிடும். அவர்கள் விமானத்தில் மயாமிக்கோ ஃபோர்ட் லாடர்டேலுக்கோ போய் ஏறுவதே நல்லது. கப்பல் புறப்படும் நாளன்று காலை விமானத்தை நம்பாமல் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். டாம்பா துறைமுகத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வழியில் குறுக்கிடும் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் கீழே இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது என்பதால், அங்கிருந்து நடுத்தரக் கப்பல்களே கிளம்புகின்றன. கூட்டம் பிடிக்காத முதியவர்களுக்கு அது குறையன்று.

தெற்குப் பாதையைப் புளோரிடாவிலிருந்து பிடித்தால் பொதுவாகப் பத்துப் பதினோரு இரவுகள் ஆகும். அதையே சான் ஹுவானுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ஏறினால், ஏழு இரவுகளிலேயே ஏறக்குறைய நாள்தோறும் ஒரு தீவைப் பார்த்துவிடலாம். சான் ஹுவான் அமெரிக்க ஆட்சிப்பகுதி; அங்கே போக அமெரிக்க உள்நாட்டு விமானமே போதும்.

மேற்கும் கிழக்கும்

மேற்குப் பாதை பொதுவாக விலை மலிவானது; மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்க்க விரும்புவோருக்கு வேறு பாதையே இல்லை. ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கும் இடிபாடு துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கோசுமெல் ஒரு தீவு. துலும் போக வேண்டுமானால் முதலில் முக்கால் மணி நேரம் படகில் ப்ளாயா டெல் கார்மெனுக்குச் சென்று, அங்கிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் போக வேண்டும்; திரும்பி வரவும் அதே பாடு. சிச்சென் இட்சா அதைவிடவும் வெகுதூரம். கோசுமெலில் இறங்கி ஒரே நாளில் அங்கே போய்வர முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாயா கோயில்தான் நோக்கம் என்றால் கோஸ்டா மாயாவில் நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். அங்கிருந்து சக்சோபென் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வந்துவிடும், கூட்டமும் குறைவு.

கேமன் தீவிலும் பெலீஸிலும் பெரிய கப்பல்கள் கரையோடு அணைவதில்லை. கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் மாறி ஏறிக் கரைக்குப் போக வேண்டும். பெலீஸில் பவளத்திட்டுகள் காரணமாகக் கப்பல் வெகு தொலைவிலேயே நின்றுவிடும். படகில் மட்டும் இருபது நிமிடம் போல ஆகும். மூட்டு வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியை நம்பியிருப்பவர்கள் ஆகியோருக்கு ஆடும் படகில் காலெடுத்து வைக்கும் அந்தக் கணம் பெரும் தொல்லை. காற்று பலமாக இருந்தால் படகு இறக்குவதையே நிறுத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பயண ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. பெற்றோருக்காகப் பதிவு செய்கிற பிள்ளைகள், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே கப்பல் அணையுமா, படகு மாற வேண்டுமா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிழக்குப் பாதையின் அழகு அதன் கடற்கரைகள்தான். செயின்ட் தாமஸிலிருந்து படகில் செயின்ட் ஜான் தீவுக்குப் போனால், தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்காவாகவே இருப்பதால் கட்டடங்கள் மறைக்காத கடற்கரைகளைப் பார்க்கலாம். மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் வளர்ந்தவருக்கு மணல் புதிதன்று என்றாலும், அலையில்லாத, அடி தெரியும் கடலில் பயமின்றி இறங்குவது நமக்குப் புதியதே. சான் ஹுவானின் பழைய நகரம் கப்பல் மேடையிலிருந்து நடக்கும் தொலைவில் இருப்பது பெரிய வசதி. ஒரே சிக்கல், பல கப்பல்கள் அங்கே பிற்பகலில் வந்து இரவில் கிளம்புகின்றன. எல் மோரோ கோட்டையையோ மாலையிலேயே மூடிவிடுவார்கள். காலையில் சேரும் நிரல் கிடைத்தால் அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

தெற்கு

மூன்றில் என் தேர்வு தெற்குதான், இருபத்து நான்கு மணி நேரப் பயணத்தைத் தாங்கிச் சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் குறிப்பாக. மற்ற இரு பாதைகளிலும் துறைமுகங்கள் பெரும்பாலும் வைரக்கடை, சட்டைக்கடை, மதுக்கடை என ஒன்றையொன்று ஒத்திருக்கும். தெற்கே ஒவ்வொரு தீவுக்கும் தனி மொழி, தனி ஆட்சி, தனி மண். குராசாவின் வில்லெம்ஸ்டாட் நகரில் கரையோரம் வண்ணம் பூசிய டச்சு வீடுகள் வரிசையாக நிற்க, அவற்றின் எதிரே 1888 இல் கட்டிய ராணி எம்மா பாலம் படகுகளின் மேல் மிதக்கிறது. கப்பல் வரும்போது பாலமே கதவு போலப் பக்கவாட்டில் திறந்து வழிவிடும். செயின்ட் லூசியாவில் கடலிலிருந்து நேராக எழும் இரட்டைப் பித்தோன் மலைகள், மார்த்தினீக்கில் 1902 இல் வெடித்துச் செயின்ட் பியேர் நகரையே அழித்த பெலே எரிமலை, கிரெனடாவில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் என்று பார்க்க நிறைய உண்டு.

பார்படாஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. 2024 ஜூன் 29 அன்று இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானம் அங்கே துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கும் குடும்பத்தில் இதற்காகவே தெற்குப் பாதைக்கு ஓட்டு விழும்.

குவாதலூப் தீவையும் சொல்ல வேண்டும். 1854 முதல் அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தமிழ் பேச்சை இழந்துவிட்டாலும் மாரியம்மன் வழிபாட்டை விடவில்லை. கபெஸ்தெர் என்னும் ஊருக்கு அருகே ஷாங்ஜியில் சிற்பங்கள் நிறைந்த கோயில் ஒன்று இருக்கிறது. பாயிண்ட் அ பித்ர் துறைமுகத்தில் கப்பல் முழுப் பகலும் நின்றால், வாடகைக் காரில் போய்த் திரும்ப நேரம் தாராளமாக உண்டு. நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாக்களில் இதைத் தேடிக்கொண்டிருப்பதைவிட நீங்களே ஏற்பாடு செய்துகொள்வது எளிது.

தெற்கின் குறை, எங்கும் நிற்காமல் கடலிலேயே கழியும் நாட்கள் குறைவு என்பது. நாள்தோறும் இறங்கி ஏறினால் முதியவர்கள் களைத்துப் போவார்கள். அப்படிப்பட்டவர்கள் பத்து இரவுப் பயணத்தையே தேர்ந்தெடுத்து, இடையில் கடலில் கழியும் நாட்களை ஓய்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; உச்சம் செப்டம்பர் மாதத்தில். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை அந்த உச்சத்தை ஒட்டியே வருவதால், அப்போது மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பயணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். புயல் வந்தால் கப்பல் மூழ்கிவிடப் போவதில்லை. பாதையை மாற்றிவிடுவார்கள், கிழக்கு என்று பணம் கட்டியவர் மேற்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அரூபா, குராசாவ், பொனேர் மூன்றும் புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் ஓரளவு பாதுகாப்பானவை. தெற்குத் தீவுகள் எல்லாமே அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது: கோப்பையை வென்ற நம் அணியைப் பார்படாஸிலேயே முடக்கிப்போட்ட பெரில் சூறாவளி, கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவைச் சூறையாடியது.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மிக அதிகம். சென்னைக் குடும்பங்களுக்குப் பொருந்துவது ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும்தான். இங்கே கோடை விடுமுறை, அங்கே கூட்டம் கலைந்திருக்கும், புயல் பருவமும் தொடங்கியிராது. கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற ஐயம் உள்ளவர்கள், 2022 இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கிய கோர்டீலியா போன்ற குறும்பயணம் இங்கிருந்து கிடைக்கும் பருவத்தில் இரண்டு மூன்று இரவு போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

விசாவும் ஊசியும்

புளோரிடாவிலோ சான் ஹுவானிலோ ஏறி அங்கேயே இறங்கும் பயணத்தில், திரும்பி வருவது மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைவதாகவே கணக்கிடப்படும். ஆகவே ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் பெற்ற விசா, பலமுறை நுழைவதற்கானதா என்பதைக் கடவுச்சீட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை என்பதால் மேற்குப் பாதை இந்தியர்களுக்குச் சிக்கல் குறைந்தது. மார்த்தினீக்கும் குவாதலூப்பும் பிரான்சின் பகுதிகள் என்றாலும், ஐரோப்பிய நாடுகள் பல பொது விசாவுக்காக ஏற்றுக்கொண்ட ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பவை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று இருந்துவிடாமல், இந்தியக் கடவுச்சீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஒரு ஊருக்கான தாள் இல்லையென்றாலும் கப்பலிலேயே ஏற்ற மறுப்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் என்று முன்கூட்டியே சொல்லாத முகவர்களால் இந்தச் சங்கடம் நேர்கிறது.

பலர் கவனிக்கத் தவறுவது மஞ்சள் காய்ச்சல் ஊசி. டிரினிடாட், கொலம்பியாவின் கார்த்தஹேனா, பனாமாவின் கொலோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நிரலில் இடம்பெற்று, அங்கிருந்து கிளம்பிய ஆறு நாட்களுக்குள் சென்னை விமான நிலையத்தில் இறங்குவதாக இருந்தால், ஊசிச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பின் மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வருபவருக்கு இந்தக் கவலை இல்லை. கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால், மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும்; அவர் வேண்டாமென்றால் அந்தத் துறைமுகங்கள் இல்லாத நிரலுக்கு மாறிக்கொள்ளலாம்.