காலியாக மறுத்த வாலட்

கோத்தகிரியில் போன ஜூலை மழையில், கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மாலை. எத்தீரியம் என்ற பிளாக்செயினின் மேல் ஓடும் துணை நெட்வொர்க்குக்கு லேயர்-டூ என்று பெயர். அதிலுள்ள என் வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில், இருந்த ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் முழுவதையும் இன்னொரு முகவரிக்கு மாற்ற நினைத்தேன். இருப்பிலிருந்து கேஸ் கட்டணத்தை, அதாவது பரிவர்த்தனைக்கான கூலியை, கழித்து மிச்சத்தை அனுப்பினேன். ‘போதிய இருப்பு இல்லை.’ கேஸ் விலையைக் குறைத்தேன், அதே பதில். நாலு தடவை.

அப்புறம்தான் பழைய பரிவர்த்தனை ஒன்றை, பரிவர்த்தனை விவரங்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் திறந்து பார்த்தேன். நான் பயன்படுத்தும் நெட்வொர்க்கில் கட்டணம் இரண்டு பங்கு. ஒன்று, லேயர்-டூவில் கணக்கை முடிக்கும் கூலி. இன்னொன்று, அந்த விவரத்தை எத்தீரியத்தில் பதிவதற்கான பங்கு. எங்கள் கேரட் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற மாதிரிதான்: பத்துத் தோட்டத்து மூட்டைகள் ஒரே லாரியில் ஏறும், வாடகையைப் பிரித்துக்கொள்வோம். தோட்டத்துக் கூலியை நான் குறைக்கலாம். லாரி வாடகை என் கையில் இல்லை. இந்த இரண்டாம் பங்கு, லேயர்-டூ வேலைக்கு நாம் வைக்கும் உச்ச வரம்பான கேஸ் லிமிட்டுக்குள் அடங்காது, எத்தீரியத்தின் நெரிசலைப் பொறுத்து ஏறி இறங்கும். 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் டென்கன் என்ற மேம்பாடு வந்த பிறகு, தரவை ‘ப்ளாப்’ என்ற தற்காலிக இடத்தில் சுமார் 18 நாள் மட்டும் வைப்பதால் இது ரொம்ப மலிவு. மலிவுதான், பூஜ்யம் இல்லையே! நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

பழைய ரசீதின் இரண்டாம் பங்கைப் போல மூன்று மடங்கு ஒதுக்கிவிட்டு மறுபடி அனுப்பினேன். சில நொடியில் போய்ச் சேர்ந்தது. மிச்சச் சில்லறை இன்னும் அங்கேயே கிடக்கிறது. எடுக்கப் போனால் அதற்கும் லாரி வாடகை கேட்கும்.