வலி குறைந்தது என்று எழுதும் முன்

போன மாதம் இரண்டு செவிலிய மாணவிகளோடு மேலூர்ப் பக்கம் போயிருந்தேன். முதுநிலைப் படிப்பு, ஆய்வேட்டு வருஷம். படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளிகளை வீட்டில் போய்ப் பார்த்து வலி, தூக்கம், பசி எல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று பெயர்களுக்கு நேராக வெறும் கோடு.

“அந்த மூணு பேரும் இப்ப இல்ல மேடம். அதான் கணக்குல இருந்து எடுத்துடலாம்னு...”

மாட்டுத்தாவணி வருகிற வரைக்கும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதே கோட்டை என் முதல் ஆய்வில் நானும் போட்டிருக்கிறேன். பாலியேட்டிவ் கேர், அதாவது நோயின் வலியையும் தொந்தரவையும் தணிக்கிற ஆதரவு சிகிச்சை, அதில் ஆய்வு செய்ய வருகிற பிள்ளைகள் செய்துவிடும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். தேதி மாறிப்போவது, கையெழுத்து விட்டுப்போவது எல்லாம் வழிகாட்டி ஆசிரியர் கண்ணில் தானே பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலியை எண்ணாக மட்டும் கேட்பது

எட்மன்டன் அளவுகோல் 1991-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒன்பது தொந்தரவுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்கும். நல்ல கருவிதான். ஆனால் அலங்காநல்லூர் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்டபோது, “அஞ்சா ஆறான்னு எனக்கென்ன தாயி தெரியும்” என்றார். “தாங்கவே முடியாத வலி ஒரு ரூவான்னா, இப்ப எத்தனை காசு?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “முக்கா ரூவா.”

இப்படிக் கேட்பதென்றால் முதல் நாளிலிருந்து, எல்லாரிடமும், ஒவ்வொரு முறையும் இப்படியே கேட்க வேண்டும். பாதியில் மாற்றினால் இரண்டும் ஒட்டாது.

எண்ணோடு அவர்கள் சொல்லும் சொல்லையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குடையுது, கடுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மிளகாய் அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு மார்ஃபின் என்கிற வலி மருந்து மட்டும் போதாமல் அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் மாதிரி வேறு மருந்தும் சேர்க்க வேண்டி வரும். “வலி 7” என்று மட்டும் எழுதிய தாளைப் பார்த்து இது யாருக்கும் தெரியாது.

மகன் பக்கத்தில் நிற்கும்போது கேட்பது

“பரவால்லம்மா” என்றுதான் பதில் வரும். காப்பி போடச் சொல்லி மகனை உள்ளே அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தின் தலைப்பு

நம் பக்கத்தில் பாதி வீடுகளில் வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்கள்: “அவருக்கு என்ன சீக்குன்னு தெரியாது சிஸ்டர், வயித்துப்புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்.” உங்கள் படிவத்தின் தலையில் ‘இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளிடம் ஓர் ஆய்வு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைச் சத்தமாக வாசித்தால், டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டிய செய்தியை ஒரு காகிதம் போட்டு உடைத்துவிடும்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும்போதே தலைப்பை யோசித்து வையுங்கள். வீட்டுக்குள் போனதும் முதல் கேள்வி, “உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க அய்யா?” என்பதாக இருக்கட்டும். அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று பார்த்துப் பேசுங்கள். அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அன்றைக்குக் கையெழுத்து வாங்காமல் வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இறந்தவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரைச் சேர்க்கிறீர்கள். ஐந்து பேருக்கு வலி 3, ஐந்து பேருக்கு 8. சராசரி 5.5. இரண்டு மாதத்தில் 8 என்று சொன்ன ஐந்து பேரும் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஐந்து பேருக்கும் வலி கூடி 4 ஆகிவிட்டது. இப்போது சராசரி 4. ஒருவருக்குக்கூட வலி குறையவில்லை, இருக்கிற அத்தனை பேருக்கும் கூடியிருக்கிறது. உங்கள் அட்டவணையோ ஒன்றரைப் புள்ளி குறைந்ததாகக் காட்டும்.

என் முதல் ஆய்வில் இதுதான் நடந்தது. கருமாத்தூர் பக்கம் ஒருவர், கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர், வாய்ப்புற்று. முதல் முறை போனபோது வலி 7 என்று விரலைக் காட்டினார். இரண்டாவது முறைக்கு முன் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார்கள். மூன்று நாள் முயன்றுவிட்டு ‘தொடர்பு இல்லை’ என்று எழுதி, கோடு போட்டேன். இப்படி விட்டுப்போனவர்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தபோது, இரண்டாம் மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். அப்போது நான் வேலை பார்த்த குழு அதைப் பார்த்துவிட்டு, முதல் மாதத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை போவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கியது.

சில மாதம் கழித்து வேறொருவரைப் பார்க்க அதே தெருவுக்குப் போனேன். அந்தக் கரும்பு வெட்டுகிறவரின் மனைவி திண்ணையிலிருந்து என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், பதினொன்று, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் பத்தாவது படிக்கிற மகளின் கையெழுத்து. ‘ராத்திரி 2 மணி. முழுங்க முடியல. 9.’ ‘விடிய விடிய உக்காந்தே இருந்தாரு. 10.’

“நீங்க வந்து கேப்பீங்கன்னு எழுதி வைக்கச் சொன்னாரு தாயி. போனை அடகு வச்சிருந்தோம்.”

பேச முடியாத நிலையிலும் அந்த மனுஷர் என் ஆய்வுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு நேராகக் கோடு போட்டிருந்தேன்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கிற அன்றைக்கே இன்னொரு போன் நம்பர் வாங்குங்கள்: பக்கத்து வீடு, மளிகைக்கடை, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். “உங்களால பேச முடியாமப் போனா யாரைக் கேக்கட்டும் அய்யா?” என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கைகாட்டிய ஆள் சொல்லும் பதிலைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். வலியிலும் மனக்கவலையிலும் வீட்டார் சொல்வதும் நோயாளி சொல்வதும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

விட்டுப்போனவர்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: இறந்தவர், நோய் முற்றிப் பதில் சொல்ல முடியாதவர், வேறு காரணத்தால் விலகியவர். இந்தத் துறையில் ஆய்வை எப்படிச் செய்வது என்று வழிகாட்டும், 2013-இல் வெளியான மோர்கேர் அறிக்கை இந்தப் பிரிவைத்தான் சொல்கிறது. இந்தத் துறையில் ஆட்கள் குறைவது எதிர்பார்க்க வேண்டியது, அதை ஆய்வின் தோல்வியாக எண்ணி மறைக்கக் கூடாது என்பதுதான் அதன் நிலை.

பாஸ்டனில் நடந்து 2010-இல் வெளியான நுரையீரல் புற்றுநோய் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நோய் பரவியது தெரிந்ததுமே பாலியேட்டிவ் கேரையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் மனச்சோர்வு குறைந்து, நல்லபடியாக வாழ்ந்தார்கள். உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலமும், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலமும், மற்றவர்களின் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். என் மாணவிகளை நான் பார்க்கச் சொல்வது அதன் சுருக்கத்திலேயே வரும் இன்னொரு வரியை. சேர்ந்தவர்கள் 151 பேர், 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் 27 பேர், மிச்சமிருந்தவர்களில் பதில் தந்தவர்கள் 107 பேர். யாருக்கு நேராகவும் கோடு இல்லை.

பார்க்கப் போகும் தேதிகளை டாக்டர் சொல்லும் கெடுவை வைத்துப் போடாதீர்கள். “ஆறு மாசம் இருப்பார்” என்றதும் மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சிகாகோவில் 468 நோயாளிகளை வைத்துப் பார்த்து 2000-இல் வெளியான ஆய்வில், டாக்டர்கள் சொன்ன கெடுவில் ஏறக்குறையச் சரியாக இருந்தது 20 சதவீதம்தான். 63 சதவீதம் பேருக்குக் கூடுதலாகவே சொல்லியிருந்தார்கள். முதல் மாதத்தில் வாராவாரம் போங்கள். பஸ் காசைப் பார்க்காதீர்கள்.

தெம்பாக இருப்பவர்களை மட்டும் சேர்ப்பது

“பாவம், அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று வார்டிலேயே தடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள்.

மலச்சிக்கலைக் கேட்காமல் எழுந்து வருவது

மலத்தைக் கட்டும் மார்ஃபினைச் சாப்பிடுகிறவரிடம் செய்யவே கூடாது.

துக்க வீட்டுக்குத் தாளோடு போவது

காரியம் முடியட்டும். பிறகு போய், முதலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். அவர்களாகப் பேச ஆரம்பித்த பிறகு நோட்டைத் திறக்கலாமா என்று கேளுங்கள். மீதமிருக்கும் மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கை எட்டும் அலமாரியில்தான் பெரும்பாலும் இருக்கும். கிளம்பும்போது, நமக்காக ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.