பராமரிப்பு வேலைக்கு ஆன்லைன் சான்றிதழ்: பணம் கட்டும் முன்

வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு 'ஹோம் ஹெல்த் எய்ட்' படிப்பு என்று இணையத்தில் தேடினால், வந்து குவிவதில் பெரும்பாலானவை அமெரிக்கப் படிப்புகள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் மெடிகேர் (முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) ஏற்கும் நிறுவனங்களில் இந்த வேலைக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேரமாவது தாதியின் மேற்பார்வையில் கையால் செய்து பழக வேண்டும். கலிஃபோர்னியாவில் மொத்தம் 120 மணி நேரம். அந்த ஊரிலேயே திரையை மட்டும் பார்த்து முடிக்க முடியாததை, 'முழுக்க ஆன்லைன், உடனே சான்றிதழ்' என்று சிங்கப்பூரின் தேக்காவில் இருப்பவருக்கு விற்கிறார்கள் என்றால் சந்தேகப்பட வேண்டாமா?

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு வருபவர்கள் டபிள்யூஎஸ்கியூ (அரசாங்கத்தின் வேலைத்திறன் தகுதித் திட்டம்) பாடங்களைப் பார்ப்பது நல்லது. வகுப்பில் உட்கார்ந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். அரசாங்க மானியம் உள்ள வகுப்புக்கு 75 விழுக்காடு வருகையும் வேண்டும், மதிப்பீட்டிலும் தேற வேண்டும். 'கலந்துகொண்டார்' என்று மட்டும் சொல்லும் தாளும் தேர்ச்சிச் சான்றிதழும் ஒன்றல்ல. எது கிடைக்கும் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். கூடவே, நீங்கள் வேலை கேட்கப்போகும் இடத்துக்கும் ஒரு போன் போட்டு, அதை ஏற்பார்களா என்று விசாரித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. படிப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்குத் தொகை 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குத்தான். நிரந்தரவாசிகளுக்கு அது இல்லை.

அப்புறம், எந்தக் குறுகிய படிப்பும் உங்களைத் தாதியாக்காது. தாதியர் சிங்கப்பூர் தாதியர் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அப்படி ஆகலாம் என்று ஆசைகாட்டும் இடத்தில் காசு கட்டாதீர்கள்.

சொந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் பயிற்சி என்றால் வழியே வேறு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் (ஏஐசி) பராமரிப்பாளர் பயிற்சி மானியம் இதற்காகவே இருக்கிறது. குடும்பத்தாரும் வீட்டுப் பணிப்பெண்ணும் படிக்கலாம், ஆனால் அந்த அமைப்பு அங்கீகரித்த வகுப்பாக இருக்க வேண்டும். பிடித்த வகுப்பில் சேர்ந்துவிட்டு ரசீதோடு போய் நிற்பதில் பயனில்லை. பயிற்றுநர் வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் வகுப்புகளும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் சிறந்தது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும் மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பதும் காணொளி பார்த்து வரும் வித்தை அல்ல. உங்கள் வீட்டுக் கழிவறை எவ்வளவு குறுகல், கட்டில் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் ஸூம் வகுப்பில் இருப்பவருக்குத் தெரியாது. மறதி நோய் பற்றிய விளக்கம், மனச்சோர்வைச் சமாளிப்பது போன்றவற்றைத் தாராளமாக ஆன்லைனில் படிக்கலாம்.

பணிப்பெண் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று: 'அவள்தான் வந்தவுடனே பயிற்சி முடித்துவிட்டாளே' என்பார்கள். முதன்முறை வருபவர்களுக்கான அந்த ஒருநாள் அறிமுகத் திட்டம் பாதுகாப்பும் இங்குள்ள வாழ்க்கையும் பற்றியது. முதியோர் பராமரிப்பை அதில் எதிர்பார்க்கக் கூடாது. 67 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வீட்டில் இருப்பதால், பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைகிறது, சரி. ஆனால் அந்தச் சலுகை பயிற்சிக்கு ஈடாகாது. பயிற்சி பெற்றவர் என்பதற்காகப் பக்கத்து புளோக் தாத்தாவையும் பார்த்துக்கொள்ள அனுப்பவும் முடியாது. வேலை அனுமதிச் சீட்டு அந்த ஒரு முதலாளிக்கு மட்டும்.

இதயமீட்பு முதலுதவி (சிபிஆர்) சான்றிதழ் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். பழையதை நீட்டினால் எடுபடாது. திருமணமாகி நீண்டகால வருகை அனுமதியில் வந்திருக்கும் பெண்கள் பலர் இந்த வேலையைத் தேடுகிறார்கள். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்ய மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.