கேள்வி கேட்ட பிறகு கொஞ்சம் சும்மா இருங்கள்

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "நல்லா ஒப்பிக்கிறான் டீச்சர், ஆனா சொந்தமா ரெண்டு வாக்கியம் சேர்ந்தாப்ல சொல்ல வரலையே?" பயிற்சிப் புத்தகம் வாங்கலாமா என்று கூடவே இன்னொரு கேள்வியும் வரும். வேண்டாம். யோசிக்க ஏதாவது கிடைத்தால் பேச்சு தானாக நீளும்.

முதல் வேலை, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு நொடி அளவுதான் பொறுத்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது. 3 நொடி என்ன பிரமாதம் என்று தோன்றும். மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், நாக்கு துறுதுறுக்கும். பதில் வந்த பிறகும் இன்னொரு 3 நொடி பொறுங்கள். பிள்ளை நிஜமாக யோசித்தது பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வெளியே வரும்.

பேச விஷயம் வேண்டுமே? ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சமம்தான் என்று பிள்ளையே பார்த்து ஒத்துக்கொள்ளட்டும். பிறகு அதன் கண் முன்னாலேயே ஒன்றை மட்டும் உயரமான, ஒல்லியான பாட்டிலுக்கு மாற்றி, "இப்போ எதுல அதிகம்?" என்று கேளுங்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயின் சோதனை இது. ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டுவார்கள். சரியான பதில் வந்ததும் பலர் கைதட்டி முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அடுத்த கேள்வி: "எப்படிச் சொல்றே?"

"நீங்க வேற தண்ணி ஊத்தலையே, அதனால அதேதான்" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவன், "உயரமா இருக்கு, ஆனா ஒல்லியா இருக்குல்ல" என்றான். ஒரே பதிலுக்கு இரண்டு நியாயம். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அந்த 'அதனால'வையும் 'ஆனா'வையும்தான். பதில் தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள். "திரும்ப டம்ளர்லயே ஊத்தினா எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டு, அதன் கையிலேயே பாட்டிலைக் கொடுங்கள்.

கதை சொன்னால் நீதி கேட்காதீர்கள். அதைப் பிள்ளைகள் கதை தொடங்குமுன்பே தயாராக வைத்திருப்பார்கள். நடுவில் நிறுத்தி, "இவன் எதுக்கு இப்போ பொய் சொல்றான்?" என்று கேளுங்கள்.

கணக்குப் போடும்போது பிள்ளை முணுமுணுத்தால் அதட்ட வேண்டாம். அந்த முணுமுணுப்புதான் பின்னாளில் மனசுக்குள் ஓடும் பேச்சாக மாறுகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. சிக்கலான கணக்கில் சத்தம் கூடுவதை நானே பார்க்கிறேன்.

எழுதச் சொல்லுமுன் வாயால் சொல்ல வையுங்கள். சொன்னதை அப்படியே எழுதட்டும். முதல் தடவை எழுத்துப்பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள். சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து ஒப்பேற்றிவிடும்.

இதையெல்லாம் வீட்டில் நீங்கள் பேசும் மொழியிலேயே செய்யுங்கள், பள்ளிக்கூட மொழி வேறாக இருந்தாலும். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் "ஏன்?" என்று கேட்டால், ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் தப்பிக்கப் பார்க்கும்.