கேண்டனீஸில் சிடுசிடுப்பு: எல்லாக் கோபமும் 'நவ்' ஆகாது

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழிவகையான கேண்டனீஸைக் கற்பவர்கள் கோபத்துக்கு முதலில் பிடித்துக்கொள்ளும் சொல் 'நவ்'. தூக்கம் கெட்டுச் சிடுசிடுப்பவருக்கும் முன்கோபிக்கும் அதையே போடுவதுதான் பெரிய பிழை. நவ் என்றால் யார் மேலோ, எதன் மேலோ கோபம். யாரைப் பார்த்தாலும் வள்ளென்று விழும் மனநிலைக்கு 'மங்ட்ஸங்' என்று தனிச்சொல் இருக்கிறது. பசியில் நச்சரிக்கும் கைக்குழந்தைக்கும் வேலை முடிந்து அலுத்துவரும் அப்பாவுக்கும் அதுவே பொருந்தும்.

'ட்ஸங்' தனியே வந்தால் வெறுத்தல் என்று பொருள்; தொனி (பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம்) உயரத்தில் சமமாக நிற்கும். மங்ட்ஸங்கில் இரண்டு அசையுமே கீழிருந்து மேலே ஏற வேண்டும். எழுத்தைப் பார்த்து வாசிப்பவர்கள் தடுக்குவது இங்கேதான்.

நவ்வில் இன்னொரு வழுக்கல் உண்டு. உயிரொலியை நீட்டித் தொனியைத் தாழ்த்தினால் அது 'நாவ்': திட்டுதல். குறில், நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு இது எளிது, கவனித்தால் போதும். ஹாங்காங்கில் பலர் 'ந' ஒலியை 'ல' ஆக்கி 'லவ்' என்பார்கள். அது வேறு சொல் அல்ல.

'உன் மேல் கோபம்' என்பதில் வரும் 'மேல்'-ஐத் தேடாதீர்கள். "ங்ஓ நவ் நேய்" (நான், கோபம், நீ) என்றாலே முடிந்தது. அதேபோல் "கோய் ஹோவ் மங்ட்ஸங்" (அவருக்கு ஒரே எரிச்சல்) என்பதில் 'ஹோவ்' (ரொம்ப) வருகிறது. ஆங்கிலம் வழியாகக் கற்றவர்கள் அந்த இடத்தில் 'ஹய்' (ஆங்கில 'is' போன்றது) போடுவார்கள். பெயர்ச்சொல்லோடு வர வேண்டிய சொல் அது, இங்கே ஒட்டாது.

இயல்பிலேயே முன்கோபியா? 'ட்ஸோவ் தய்'. இது குணம், இன்றைய ஒருநாள் எரிச்சலுக்கு இதைச் சொன்னால் ஆளையே குறை சொன்னதாகிவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது 'ஹக் மின்', நேர்ப்பொருள் கறுத்த முகம். தோல் நிறத்தோடு தொடர்பில்லை. குழந்தை அடம்பிடித்தால் 'நவ் கய்'. இந்த நவ்வின் தொனி ஏறுவது, முறுக்குதல் என்று பொருள். கோபத்தின் நவ்வோடு குழப்ப வேண்டாம்.

சமாதானப்படுத்தும்போது "மங்ட்ஸங் ஆகாதே" என்றால் எரிகிற தீயில் எண்ணெய்தான். "ம் ஹோவ் கம் லோவ் ஹேய்" என்பதே வழக்கம். லோவ் உழைப்பு, ஹேய் மூச்சு: 'இவ்வளவு அலட்டிக்கொள்ளாதீங்க' என்ற கரிசனம் அதில் இருக்கிறது. "சிக் ட்ஸோ ஃபோ யோக்" (வெடிமருந்து தின்றாயா?) நண்பர்களிடம் மட்டும், மேலதிகாரியிடம் வாய் தவறியும் வேண்டாம்.